கொடிக்காரன் சொல்வது

இன்னாசிமுத்து அடித்த கோல்களை
வலைக்குப் பின்னாலிருந்து பார்த்தவர்கள் உண்டு.
நான் பக்கவாட்டில் பார்த்தவன்.
வாரத்தில் ஆறு நாள் வண்ணார்பேட்டை டெப்போவில் டைம்கீப்பர்,
ஞாயிறானால் பாளையங்கோட்டையில் லைன்ஸ்மேன்.
கடைசித் தடுப்பாட்டக்காரனின் தோளுக்கு நேரே
கண்ணை வைத்துக்கொண்டு ஓடவேண்டும், அவ்வளவுதான் வேலை.
அந்தத் தோளில்தான் அவனும் குடியிருந்தான்.

பந்து புறப்படும்வரை அசையமாட்டான்.
கூத்தன்குழியில் ஈர மணலில் ஓடிப் பழகிய கால்
காய்ந்த தரையைக் கடனுக்குத் தொடும்.
அழகாக அடித்தான் என்று சொல்லமாட்டேன்.
முழங்காலில் பட்டுப் போனது உண்டு,
முதுகில் பட்டுப் போனதும் உண்டு.
ஒருமுறை குப்புற விழுந்து கிடந்தபடி
நெற்றியால் தள்ளினான், அதுவும் போயிற்று.

மில் அணிக்கு நூற்றுப் பதினாறு.
துறைமுகத்துக்கு எழுபத்தொன்பது.
மிச்சமிருந்த முழங்காலை வைத்து
டவுன் கிளப்புக்கு நூற்று நாலு.
கணக்கு வைத்தவர் மேலப்பாளையம் சோடாக்கடை காஜா முகைதீன்,
கடைப் பலகையில், சாக்பீஸால்.
"முந்நூறுக்கு ஒண்ணு குறையுதுவே" என்பார்
என்னைக் காணும்போதெல்லாம்.
அந்த ஒன்று என் கொடி.

ஒரு முழம் தள்ளி நின்றிருந்தான். இன்றைக்கும் சொல்வேன்.
என் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள்,
முருகன்குறிச்சி வரை உருட்டிக்கொண்டே போனேன்.
அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.
சட்டையைக் கழற்றிப் பிழிந்தான்.
என் கால்மாட்டில் கொஞ்சம் தண்ணீர்.
அதற்குப் பிறகு அவன் ஆடவில்லை.

பயிற்சியாளனாகித் திரும்பியபோது
கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றான்,
என்னிலிருந்து இரண்டு கஜத்தில்.
பெப்பர்மிண்ட் கடிக்கிற சத்தம்கூடக் கேட்கும்.
"அண்ணாச்சி, எப்படி அடிச்சீங்க?" என்றார்கள் பையன்கள்.
யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.
"நில்லுங்கலே. வரும்."
நின்றார்கள். வரவில்லை.
பதினான்கு ஆட்டத்தில் பதினொன்று தோல்வி.
மில்காரர்கள் சால்வை போட்டு அனுப்பிவைத்தார்கள்.

பிறகு ஒரு கல்லூரி அவனை எடுத்துக்கொண்டது.
அங்கேதான் புத்தி திரும்பியதோ என்னவோ,
கோல் அடிக்கச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டான்.
தடுக்கிற நாலு பேரை மட்டும் வெயிலில் நிறுத்தி
தானே அவர்கள் தோளில் வந்து உரசுவான்:
"இப்போ நான் எங்க போவேன், சொல்லு.
அங்க நீ முதல்ல போ."
நாற்பத்தாறு வயது இன்னாசி
இருபத்தாறு வயது இன்னாசியைப்
பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.
ஜெயித்தார்கள். ஒன்றுக்குப் பூஜ்யம், ஒன்றுக்குப் பூஜ்யம், மறுபடியும்.
கூட்டம் கொட்டாவி விட்டது.
"இதுக்கு கடலை தின்னுட்டு வீட்லயே கிடந்திருக்கலாம்"
என்றார் காஜா முகைதீன்.

ஆனால் பெட்டிக்குள் பந்து வந்தால்
அவன் வலதுகால் தன்பாட்டுக்குப் போய்விடும்.
தண்ணீர்க் கேன் மூன்று, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று,
டாக்டரின் பை.

போன மாதம் இறுதி ஆட்டம். முன்னால் இருந்தார்கள்.
விசில் வர இரண்டு நிமிஷம்.
எதிரணியில் காவல்கிணற்றுப் பக்கத்துப் பொடியன் ஒருவன்,
சட்டை முழங்கால்வரை தொங்குகிறது,
அந்தத் தோளில் வந்து நின்றான்.
அசையவில்லை.
எனக்கு அடிவயிறு குளிர்ந்தது.
பந்து வந்தது. போனான்.

மைதானம் முழுக்க என் கையைப் பார்த்தது.
நேரே இருந்தான். கொடி கீழேயே கிடந்தது.
அந்தக் கணத்தில் என் கணுக்காலில் விழுந்தது ஓர் உதை,
சரியான உதை, உள்பாதத்தால், தாழ்வாக.

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி."
அவன் பார்வை வலையில் இருந்தது.
"நேரேதானே நின்னான்?"
"நேரேதான்."
"நானும் பார்த்தேன்" என்று
பாக்கெட்டைத் துழாவி ஒரு பெப்பர்மிண்ட் நீட்டினான்.
பெனால்டியில் தோற்றார்கள்.

திங்கட்கிழமை வீங்கிய காலோடு டெப்போ.
வள்ளியூர் வண்டி நாலு நிமிஷம் பிந்தி வந்தது.
சரியான நேரம் என்றே எழுதினேன்.
சாயங்காலம் மேலப்பாளையத்தில் இறங்கி
சோடாக்கடைவரை நொண்டிப் போய்,
கேட்காமலே சாக்பீஸை எடுத்தேன்.