சிகாகோ வழி

ஒமாஹாவிலிருந்து மினியாபொலிஸுக்கு
நேராகப் பறந்தால் எழுபது நிமிடம்.
லாரன் ட்வெட் சிகாகோ வழியாகப் போகிறார்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொட
இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் அதிகம்.
இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம்.
அப்போதுதான் அவருடைய தங்க அட்டை
பிளாட்டினம் ஆகும்.

பற்றுச்சீட்டுகளில் கையெழுத்துப் போடுவது என் வேலை.
ரெனாட்டா குச்செரா, கணக்குப் பிரிவு, இரண்டாம் மாடி.
தானியம் உலர்த்தும் இயந்திரம் விற்கிற கம்பெனி.
தேனெடுப்பவன் புறங்கையை நக்கத்தான் செய்வான் என்று
பதினோரு வருடமாக முத்திரை குத்தினேன்.
சும்மா சொல்லக் கூடாது,
மனுஷர் மாதத்தில் பதினாறு இரவு
பிளாஸ்டிக் சாவி போட்டுத் திறக்கிற அறைகளில் தூங்குகிறார்.
வீடு திரும்பினால் அவர் நாயே ஒரு தடவை குரைத்துவிட்டுத்தான் வாலாட்டுமாம்.
அந்த இரவுகள் யார் சொத்து என்று
கம்பெனி கேட்டதில்லை.
மைல்களுக்கு மட்டும் சொந்தக்காரரைத் தேடுவது
என்ன நியாயம் என்றிருந்தேன்.

ஜனவரியில் கிடங்கிலிருந்து ஒரு விண்ணப்பம்:
இன்னொரு ஜோடி கையுறை, ஒன்பது பேருக்கு.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி.
பட்ஜெட் இல்லை என்று எழுதியவள் நான்தான்.
ஜோடி இருபத்துமூன்று டாலர்.
எழுதிய பிறகு பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு சிகாகோவில் அடங்கிவிடும்,
ஐந்து டாலர் மிச்சம்.

லாரனிடம் கேட்டுவிடுவது என்று இருந்தேன்.
அந்த வாரம் ஸ்போக்கேனில் என் தம்பி எமில் செத்துப்போனான்.
மறுநாள் டிக்கெட் ஆயிரத்து நூறு.
லாரன் என் மேஜைக்கு வந்தார்.
"உன் பிறந்த தேதி மட்டும் சொல்லு."
போனில் எதையோ தட்டினார்.
"சும்மா கிடக்கிற மைல்தான், ரெனாட்டா."

ஜன்னலோர இருக்கை.
கீழே நெப்ராஸ்கா முழுக்க வெள்ளை.
அழ வேண்டிய நேரத்தில்
இந்த இருக்கை எத்தனை ஜோடி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.
கிடங்கில் டுவேனுக்கு இரண்டு விரல் வெடித்திருக்கிறது.
ஊரான் வீட்டு நெய்.

எமிலின் பெட்டியைத் தொட்டபோது
என் கைகள் கதகதப்பாக இருந்தன.

இன்று காலை இன்னொரு சீட்டு:
ஒமாஹா, சிகாகோ, மினியாபொலிஸ்.
இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
போடமாட்டேன் என்றும் இல்லை.
கிடங்குக் கதவு திறக்கும்போதெல்லாம்
இரண்டாம் மாடி வரைக்கும்
குளிர் ஏறி வருகிறது.