குறிப்பு: ஏதேனும் இருந்தால்

காலை ஐந்தே காலுக்குப்
புளியரைச் சோதனைச்சாவடியிலிருந்து ஏற ஆரம்பிப்போம்.
கோட்டைவாசல் வரை ஆறு கிலோமீட்டர்.
ஏறுகிற பக்கம் நான், இறங்குகிற பக்கம் ஜிஸ்னா.
அளவுகோல், பழைய டூத்பிரஷ், படிவம் செருகிய அட்டை.

லீவில் அங்கே என்ன வேலை என்று
ஃபோனில் கேட்டாள் சித்தி.
ரோட்டில் செத்துக் கிடப்பதை எண்ணுகிறேன் என்றேன்.
சம்பளம் உண்டா?
ஆறு வாரத்துக்கு ஒன்பதாயிரம், அதில் சாப்பாடு
என்பதற்குள் ஒரு லாரி வந்து
மிச்சத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

தவளை என்று எழுதினால் போதாது.
விரலிடைத் தோலைப் பார்.
தோல் இல்லையென்றால் விரலைப் பார்.
விரலும் இல்லையென்றால்
'அடையாளம் தெரியவில்லை' என்று எழுது.
முதல் வாரம் எனக்கு எதுவுமே
அடையாளம் தெரியவில்லை.
மூன்றாவது வாரம், நகமளவு வால்நுனியை வைத்துக்
கேடயவால் பாம்பு என்று சொல்லிவிட்டேன்.
துள்ளாத குறை.
பரோட்டா பிய்க்கும்போதுதான்
எதற்குத் துள்ளினேன் என்று உறைத்தது.
எழுந்து போய்
இன்னொரு முறை கை கழுவினேன்.

ஜல்லி ஏற்றிய வண்டிகள்
முக்கி முனகிக் கேரளத்துக்கு ஏறுகின்றன.
அவற்றிடம் நத்தைகூடத் தப்பிவிடும்.
கொல்வது, இறக்கிவிட்டுத் திரும்புகிற காலி வண்டி.
என் பக்கம் இருபத்திரண்டு,
அவள் பக்கம் அறுபத்தொன்று.
"காலி வண்டிக்கு ஆக்ராந்தம் கூடுதலாணு" என்றாள் ஜிஸ்னா.
அதை எழுதக் கட்டமில்லை.

மே இருபத்தேழு இரவு
மழை.
வனக்காவலர் குடியிருப்புக்குப் பின்னாலிருந்து
மலையே தொண்டையைத் திறந்தது போல ஒரு சத்தம்.
உயிரோடிருப்பதைத் தொடக்கூடாது,
எண்ணுகிறவர் எண்ண மட்டுமே வேண்டும்:
பயிற்சியின் முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.
குளியலறை வாளியை எடுத்தது நான்.
இல்லை, ஜிஸ்னா.
யார் என்று இன்றுவரை தீர்மானமாகவில்லை.

காவலர் முப்பிடாதி வளைவில் டார்ச்சோடு நின்றார்.
ஒரு டிரைவர் எங்கள் அம்மாக்களைத் திட்டினார்.
ஒருவர் விளக்கைத் தாழ்த்திவிட்டு
பீடி முடியும்வரை காத்திருந்தார்.
இரண்டு மணி வரை அள்ளினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு தேரைகள்.
விரலெல்லாம் பிசுபிசுப்பு, முழங்கால் வரை சேறு,
அவ்வளவு சந்தோஷம் வெட்கமாகக்கூட இருந்தது.

விடிந்ததும் அதே ஆறு கிலோமீட்டர்.
மழைக்கு மறுநாள்தான் எண்ணிக்கை உச்சம் தொடும்.
அந்த உச்சத்தைக் காட்டித்தான்
ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய்வழி கேட்க முடியும்.
கோப்பில் சாவு கூடினால்தான்
கையெழுத்து விழும்.
எங்கள் கணக்கில்
ஒன்பது.

ஜிஸ்னா தமிழிலேயே சொல்லிப் பார்த்தாள்:
"நாம இருநூறைக் காப்பாத்தி,
அடுத்த வருஷத்து ரெண்டாயிரத்தை..."
அவளுக்கு வினைச்சொல் கிடைக்கவில்லை.
எனக்குக் கிடைத்தது; கொடுக்கவில்லை.

படிவத்தில் கடைசிக் கட்டம்
'குறிப்பு: ஏதேனும் இருந்தால்.'
இரண்டு விரல் அகலம்.
சாவடியின் இரும்புக் கம்பியில் அட்டையை வைத்து எழுதினேன்:
'நேற்றிரவு 212 தேரைகளைக் கடத்தினோம்.'

தோளுக்கு மேலாக எட்டிப் படித்த போலீஸ்காரர்
ரேஷன் அரிசி பிடித்தே வருஷங்களைக் கழித்தவர்.
"கடத்தினீங்களா?" என்றார்.
பிறகு நிதானமாக
வாளியைக் காட்டச் சொன்னார்.

அடியில், மழைத்தண்ணீரில்
இன்னொன்று இருந்தது.
எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று
இரண்டு பேருக்கும் ஞாபகமில்லை.