ஒரு ரிங் மட்டும்

ராத்திரி ஒன்பது மணிக்கு
நாங்குநேரியிலிருந்து ஞானதிரவியம் அடிப்பார்.
ஒரு ரிங். எடுக்கக் கூடாது.
மாத்திரை போட்டாச்சு என்று அர்த்தம்.
என்னுடையதை விழுங்கிவிட்டு
மேலப்பாளையம் மைதீன்பாத்துக்கு நான் அடிப்பேன்.
அவள் டோனாவூர் எஸ்தர் டீச்சருக்கு,
டீச்சர் வள்ளியூர் உச்சிமாகாளிக்கு,
உச்சிமாகாளி திரும்ப நாங்குநேரிக்கு.
ஒன்பது பத்துக்குள் சுற்று முடிந்துவிடும்.
காசு போகுமே என்று பயந்த காலத்துப் பழக்கம்.
இப்போது பேசினாலும் காசில்லை.
ஆனாலும் எடுப்பதில்லை.

என் போனில் அவர் பெயர் மோட்டார் ரிப்பேர்.
அவர் போனில் நான் பால் சொசைட்டி.
மருமகள் ஒருநாள் கேட்டாள்:
"என்னத்தே, மோட்டாருக்கு ராத்திரிதான் ரிப்பேரா?"
"பகல்ல ஓடும்லா" என்றேன்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
ஏ.ஆர்.டி. வரிசையில் கிடைத்தவர்கள்.
யாரும் யார் முகத்தையும் பார்க்காத பெஞ்சு அது.
மைதீன்பாத்துதான் முதலில் வாய் திறந்தாள்,
சுவரைப் பார்த்துக்கொண்டே:
"டப்பாக்குள்ள பஞ்சு வையி புள்ள.
பஸ்ஸு குலுங்குனா காட்டிக்குடுத்துரும்."
அன்றைக்கு முக்கூடல் வரைக்கும்
மடியில் ஒரு சத்தமும் இல்லை.

மகன் பத்தாங்கிளாஸ் எழுதுகிற வரைக்கும்
இருந்தால் போதும் என்றுதான் சாமியிடம் கேட்டிருந்தேன்.
அவன் பிள்ளை இப்போது எல்.கே.ஜி.
அதற்கு மேல் என்ன கேட்பதென்று
யோசித்து வைத்திருக்கவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள்.
"என்ன மார்க்கு?" என்பார் உச்சிமாகாளி.
அறுநூற்றுப் பத்து வாங்கிய டீச்சர்
ஐந்நூறுக்கு மேல் யாரையும் நம்புவதில்லை,
எங்களைக் காப்பியடித்த பிள்ளைகளைப் போலப் பார்ப்பாள்.
அந்த மூன்றெழுத்தை மட்டும்
ஒருநாளும் நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை.

போன ஐப்பசியில் மைதீன்பாத்துக்கு முட்டுவலி.
எலும்பு டாக்டர், "ஒண்ணுமில்லம்மா, வயசாயிட்டு" என்றாராம்.
பெஞ்சில் வந்து உட்கார்ந்து
சிரிக்கிறாள், சிரிக்கிறாள்,
கண்ணில் தண்ணி கொட்டுகிறது.
"கேட்டியளா, எனக்கு வயசாயிட்டாம்!"
உச்சிமாகாளி எல்லாருக்கும் டீ சொன்னார்,
உளுந்த வடை ஆளுக்கு ரெண்டு.
பரோட்டா மாஸ்டராக இருந்தவர்,
அடுத்தவன் கடை வடையைக் குறை சொல்லாமல்
அவர் தின்றது அன்றைக்குத்தான்.

இந்தச் செவ்வாய்க்கிழமை
ஒன்பது.
ஒன்பதேகால்.
உள்ளங்கை வியர்வையில் மாத்திரையின் பூச்சு ஒட்டியது.
இத்தனை வருச ஏற்பாட்டில்
இதற்கு மட்டும் ஏற்பாடு இல்லை.
துட்டி கேட்கப் போனால்
என்ன முறை சொல்லி வாசலில் நிற்பேன்?
கொழுந்தியாளா? சம்பந்தக்காரியா?
பால் சொசைட்டிக்காரி
எதற்கு இப்படி அழுகிறாள் என்று கேட்கமாட்டார்களா?

ஒன்பதரைக்கு மைதீன்பாத்து அடித்தாள்.
ஒரு ரிங்கில் நிற்கவில்லை.
எடுத்தேன்.
இரண்டு பேரிடமும் பேச்சு இல்லை,
அவள் வீட்டு மின்விசிறி கடகடவென்று கேட்டது.
"மொதல்ல நீ மாத்திரையப் போடு" என்றாள்.

பத்து மணிக்கு மோட்டார் ரிப்பேர்.
அதுவும் நிற்காமல் அடித்தது.
சின்ன வயசுப் பெண் குரல்.
"பால் சொசைட்டியா? நான் அவுக மக பேசுதேன்.
கண் கேம்ப்காரங்க வேன்ல கூட்டிட்டுப் போயி
அப்பாவுக்குக் கட்டுப் போட்டு விட்டுருக்காங்க.
ஒம்பது மணியில இருந்து ஒரே அனத்தல்,
பால் சொசைட்டிக்கு ஒரு ரிங் குடு, பேசாம கட் பண்ணு, பேசாம கட் பண்ணுன்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க வீட்ல மாடே கெடையாதும்மா" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"நீங்க மாத்திரை போட்டாச்சா?"

போட்டாச்சு என்றேன்.

பிறகு மேலப்பாளையத்துக்கு அடித்தேன்.
ஒரு ரிங்.
அவள் எடுக்கவில்லை.