பத்துச் சென்ரிமீற்றர் பின்னாலிருந்து

அம்பகாமத்தில் நாங்கள் காட்டை
மீற்றர் கணக்கில் படிக்கிறோம்.
சிவப்புத் தலைத் தடிகளுக்கு அப்பால் பாலைமரம்.
பழம் உதிர்ந்து கிடக்கிறது, பொறுக்க ஆளில்லை.
இப்பால் நான், முழங்காலில்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் புழுக்கம்.

கருவி கத்தும்.
கத்தரியால் புல்லை வெட்டி,
சாந்தகப்பையால் பக்கவாட்டில் மண்ணைச் சுரண்டி,
தூரிகையால் துடைத்துப் பார்த்தால்
சோடா மூடி.
திரும்பக் கத்தும். மீன் ரின்னில் ஒரு துண்டு.
திரும்பவும். வேலிக்கம்பியின் முள்.
காலை ஆறரையிலிருந்து இருபத்தேழு தரம்,
இருபத்தேழும் குப்பை.
இருபத்தேழையும் அதுதான் என்று நினைத்தே தோண்டினேன்.

வேலை முடிய றஜீபன் நாடா பிடித்து அளப்பான்.
"ஒன்பது, அக்கா."
படிவத்தில் ஒன்பது என்று விழும்.
அவ்வளவுதான் ஒரு நாள்.

ஒலுமடுவில், பிள்ளை படுத்த பிறகு,
சீ.ஆர். கொப்பியைத் திறக்கிறேன்.
பொங்கலன்று பின்னட்டையில் போட்ட கணக்கு இருக்கிறது:
இருநூறு பக்கம், அடுத்த பொங்கலுக்குள்,
நாளுக்கு ஒரு பக்கம்கூட வராது.
இவ்வளவுதானா நாவல் என்று அன்றைக்குச் சிரித்தேன்.
மாசியில் சாருகனுக்குக் காய்ச்சல்.
பங்குனியில் யானை வந்து வாழையோடு வேலியையும் கொண்டுபோனது.
சித்திரையில் ஒன்றும் நடக்கவில்லை.
சும்மாதான் எழுதவில்லை.
ஏன் எழுதவில்லை என்று ஒரு பக்கம் எழுதினேன்.

வைகாசியில், விட்டதைப் பிடிக்க,
ஒரே இரவில் பதினொரு பக்கம்.
விடிய வானில் தவமலரின் தோளில் தூங்கிப்போய்,
தளத்தில் கை நடுங்க,
றஜீபன் என்னைக் கூடாரத்துக்கு அனுப்பினான்.
"நேற்று விட்ட மீற்றரை இண்டைக்கு ஓடிப் பிடிக்கேலாது அக்கா."
அவன் வேலைக்கு வந்த புதிதில்
நான் அவனுக்குச் சொன்ன வசனம் அது.
கூடாரத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தேன்.
இரவு, பதினொன்றில் ஒன்பதைக் கிழித்தேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி:
புதுத் துண்டைத் தொடங்குமுன்
முடித்த மண்ணுக்குள் பத்துச் சென்ரிமீற்றர்
பின்னால் போய், அங்கிருந்துதான் கருவியை வீசவேண்டும்.
இப்போது கொப்பியிலும் அப்படித்தான்.
நேற்றைய கடைசி மூன்று வரியை வாசிப்பேன்.
ஒரு சொல் கத்தும். தோண்டுவேன்.
பெரும்பாலும் சோடா மூடி.
பிறகு நாலு வரி. சில நாள் ஒன்று.
கலண்டரில் குறிப்பேன்: பகலுக்கு ஒன்பது, இரவுக்கு நாலு.
பகலுக்குப் பன்னிரண்டு, இரவுக்கு ஒன்று.

என்ன கதை என்று கேட்பவர்களின் முகத்தில்
பதில் முதலே இருக்கும்.
என் வேலையைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள்.
இல்லை. இது ஒரு கலியாணம்.
மாப்பிள்ளையின் தமையன், சமையல்காரனுக்குரிய காசு மடியிலிருக்க,
முறிகண்டியில் கச்சான் வாங்க இறங்கி
பஸ்சைத் தவறவிடுகிறான்.
சிரிப்புக் கதை.
அந்தச் சிரிப்புக்குத்தான் இவ்வளவு மெனக்கெடுகிறேன்.

இந்தக் காணி ஒருநாள் பாரம் கொடுக்கப்படும்.
சொந்தக்காரர் இப்பவே விதை சொல்லிவைத்துவிட்டாராம்.
அவர் நடக்கும்போது
எந்த மீற்றர் யாருடையது என்று யோசிக்கமாட்டார்.
யோசிக்கக்கூடாது, அதற்காகத்தான் முழங்காலில் இருக்கிறோம்.
கொப்பிக்கு அப்படியொரு திகதியில்லை.
இருநூறாம் பக்கத்தில்
எவரும் வந்து கையெழுத்து வைக்கப்போவதில்லை.
அது பயம்தான். கலண்டரில் அதற்கு இடமில்லை.

மணி பத்தரை. வான் நாலே முக்காலுக்கு.
தமையன் மூன்று இரவாகப் பஸ் படியில் நிற்கிறான்,
ஒரு கால் வெளியே,
பின்னாலிருப்பவர்கள் ஏசுகிறார்கள்.
இன்றைக்கு அவனை இறக்கிவிட்டால் போதும்.
கச்சானை நாளைக்கு வாங்கட்டும்.