பதினைந்தாவது கூடு

வட டகோட்டா, ஜனவரி. மைனஸ் இருபத்தேழு.
பள்ளிப் பேருந்தைக் கொண்டுபோய் விட்டாயிற்று.
காதில் இன்னும் நாற்பது பிள்ளைகளின் கூச்சல்.

கராஜில் விளக்கைப் போடுகிறேன்.
வால்நட் ஓட்டுத் தூளில் ராத்திரி முழுக்க உருண்ட
பித்தளைக் கூடுகள்
புதுச் சில்லறை மாதிரி மினுங்குகின்றன.

தராசில் மருந்து.
ஹீட்டர் காற்றுக்கே முள் ஆடும்;
அதை அணைத்து, மூச்சையும் பிடித்துக்கொண்டால்
நிற்கும்.
கைப்பிடியை இறக்க,
கூட்டின் கழுத்தில் குண்டு போய் அமரும் இறுக்கம்
தோள்வரை தெரியும்.

பதினாலா பதினைந்தா என்றிருந்தபோது
ஆர்லெட் கதவைத் திறந்தாள்:
"கடையில் ஒரு பெட்டி முப்பது டாலர்தானே, லைல்?"
ஆமாம் என்றேன்.
குளிரோடு கதவு மூடியது.

இருபதும் முடிந்து பெட்டியில் அடுக்கும்போதுதான்
பதினைந்தில் மருந்து போட்டேனா?

காதருகே ஆட்டிப் பார்த்தேன்.
அந்தச் சலசலப்பை நம்பித்
துப்பாக்கியைத் தோளில் வைக்க முடியாது.
இருபதையும் சுத்தியில் மாட்டித் தட்டி
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்,
பிற்பகல் பேருந்துக்கு நேரமாகும்வரை.

எல்லாவற்றிலும் இருந்தது,
இம்மி பிசகாமல்.

கோபம் வரவேண்டும்.
விசிலடித்தபடி பூட்ஸை மாட்டிக்கொண்டேன்.
மேசைமேல் வாய் திறந்த இருபது கூடுகள்;
நாளைக்கும் வேலை இருக்கிறது.