மொல, மொள

திங்கட்கிழமை பதினொரு பெட்டூனியா.
பூவைத் தின்றுவிட்டுக் காம்பை விட்டிருந்தது
ஒரே உயரத்தில், சாய்வாக.
கத்தரிக்கோல் வைத்தால்கூட எனக்கு அப்படி வராது.
எலி என்றேன். நத்தை என்றேன்.
இரண்டாம் மாடிப் பையனின் பந்து என்றும்
சொல்லிப் பார்த்தேன்.

"மொல" என்றார் காவலாளி ஈரண்ணா.
ஹொரமாவுக்கு வந்து ஒன்பது வருஷம்,
என் கன்னடம் இன்னும் காய்கறிக்கடையைத் தாண்டவில்லை.
எனக்குத் தெரிந்தது பூக்காரி கேட்கும் மொள, முழம்.
பழக்கத்தில் "எரடு" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
தலைக்கு மேல் இரண்டு விரலை நிறுத்தி ஆட்டினார்.
"எரடல்ல. ஒந்தே."

முயல்.
நாற்பது வீடு, ஒரு ஜெனரேட்டர்,
வற்றிய போர்வெல்லின் இரும்பு மூடி,
இதற்கு நடுவே
முயல்.

கடைசி வீட்டைக் காலிசெய்து போனவர்கள்
சோபாவை ஏற்றினார்கள், ஃப்ரிட்ஜை ஏற்றினார்கள்,
துளசித்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார்கள்.
இதை மட்டும் பின்சுவரோரம் திறந்துவிட்டிருக்கிறார்கள்,
புல்தான் இருக்கிறதே என்று.

மிளகாய்ப்பொடி தூவினேன்.
காரம் மழையோடு போயிற்று, தும்மல் என்னோடு தங்கிற்று.
மனித வாடைக்கு அஞ்சும் என்று யாரோ சொல்ல
சலூனுக்குப் போய் ஒரு பை முடி கேட்டேன்.
எதற்கென்று ஷரீஃப் பாய் கேட்கவில்லை,
அதுதான் கூச்சமாயிருந்தது.
கறுப்பு, நரை, மருதாணிச் சிவப்பு,
தெரியாத எத்தனையோ தலைகளை
டயாந்தஸைச் சுற்றிப் பரப்பிவிட்டு
இரவு விளக்கணைத்துக் காத்திருந்தேன்.

வந்தது.
வெள்ளை. ஒரு காது மட்டும் பழுப்பு.
முடிமேல் பாய் விரித்தாற்போல் உட்கார்ந்து
தாடை மட்டும் அசைய
ஒரு பூவை முழுசாக உள்ளே இழுத்தது.
நித்தியகல்யாணியை மட்டும் மோந்து நகர்ந்தது.
அது நஞ்சென்று யார் சொன்னார்கள் அதற்கு?
கூண்டில் பிறந்ததுதானே.

முயலுக்கேது கொம்பு என்பவர்கள்
காலையில் என் பாத்திக்கு வரட்டும்.
வரிசையாக முளைத்து நிற்கிறது.

எண் தேடி எடுத்து அழைத்தேன்.
பேச வேண்டியதை எழுதியே வைத்திருந்தேன்,
செடிக்கு முப்பது ரூபாய், உரம் தனி,
பொறுப்பு என்ற சொல் இரண்டு இடத்தில்.
எடுத்தது குழந்தை.
"அம்மா குளிக்கிறாங்க. பூச்செடி ஆன்ட்டியா?
பட்டாணி இருக்கா?"
கடன் கேட்கிறாளோ என்று ஒரு கணம் குழம்பினேன்.
"பட்டாணி சாப்பிடுதா ஆன்ட்டி?"

தாளைத் திருப்பி வைத்தேன்.
"நல்லா சாப்பிடுது."
"என்னது?"
"பெட்டூனியா. டயாந்தஸ். நேத்து சாமந்தி மொட்டு."
"பூவா!" என்றாள்,
நாங்கள் அதைக் கல்யாணத்துக்கு அழைத்ததுபோல.
"அம்மாவைக் கூப்பிடட்டுமா?"
வேண்டாம் என்றேன்.

ஞாயிறு, பாபுசாபாளையாவில் வலைக்கம்பி வாங்கினேன்,
பத்து மீட்டர்.
விடமாட்டேன், என்னுடையது சாமந்தி,
புரட்டாசிக்குப் பூக்க வேண்டியது.
ஈரண்ணா பிடித்துக்கொள்ள நான் முறுக்கினேன்.
மண்ணுக்குள் ஒரு சாண் இறக்கினோம், தோண்டாதிருக்க.
விரலில் இரண்டு கீறல்.
பெட்டூனியாப் பக்கம், சுவரோரம்,
கொஞ்சம் மூடாமல் நின்றது.
"கம்பி தீந்துபோச்சு" என்றேன்.

காலடியில் கிடந்த சுருளை எடுத்து
மீட்டர் அறையில் வைத்துவிட்டு வந்தார் அவர்.
இடைவெளியைக் காட்டி, "எஷ்டு?"

ஒந்து மொள, என்றேன்.
ல-வா ள-வா,
மூன்று ல உள்ள பாஷைக்காரி நான்,
இன்னும் சரியாக வருவதில்லை.