எட்டாவது பங்கு

நாயனம் இரண்டு, தவில் இரண்டு,
பம்பை, தமுக்கு, உறுமி.
ஆக ஏழு பேர். உறுமி நான்.
பணத்தை எட்டாகப் பிரிப்பேன்.

இருபத்திரண்டாயிரத்தில்
வேன் வாடகை நாலாயிரத்து ஐநூறு,
தோலுக்கும் கயிற்றுக்கும் ஆயிரத்து ஐநூறு.
மிச்சம் பதினாறு.
செக்கானூரணி முக்கில், விடிகாலை மூன்றரைக்கு,
வேனின் உள்விளக்கு வெளிச்சத்தில்
தமுக்கின் முகத்தில் வைத்து எண்ணுவேன்.
புதிதாகச் சேர்ந்த ஜெயசீலன் கேட்டான்:
"எட்டாவது ஆள் யாருக்கா?"
"மார்கழி."
"என்ன வாசிக்கும்?"
"ஒண்ணும் வாசிக்காது. அதனாலதான்."

போன மார்கழியில்
பூமிநாதன் நாயனத்தை அடகு வைத்தான்.
சீவாளியை மட்டும் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.
தை பிறந்து மீட்கும்போது
வட்டி ஒரு முகூர்த்தத்தைத் தின்றிருந்தது.
சடையன் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்குப் போய்
நீல நகங்களோடு திரும்பினான்.
வீங்கிய விரலில் தவில் கூடு ஏறவில்லை.
"இந்தக் கலையை வாழவைக்க வேண்டும்" என்று
மைக்கில் பேசிய ஒருவர்
எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்.
ஏழு பொன்னாடை.
சிம்மக்கல் கடைக்காரர்
ஒன்றுக்குப் பத்து ரூபாய்கூடத் தரமாட்டேன் என்றார்.

அப்புறம்தான் எழுதினேன்.
ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து, ஒரே பக்கம்:
பாதிப் பணம் முன்பே.
ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் மணிக்கு இவ்வளவு.
ரெக்கார்டு பண்ணி விற்பதானால்
கேட்டுவிட்டு, கொடுத்துவிட்டு.
சாப்பாடு பந்தியில். இலை போட்டு. மண்டபத்துக்கு உள்ளே.

வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக்காரர்
மூன்றாவது வரி வரைக்கும் தலையாட்டினார்.
நாலாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.
"கொட்டடிக்க வர்றவனுக்கு என்னம்மா பத்திரம்?"
"பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் குடுத்திருக்கீங்கள்லய்யா."
தாளை மடித்து என் பக்கம் தள்ளினார்.
வைகாசியில் நல்ல முகூர்த்தம் அது.
அன்றைக்கு ஏழு பேரும் வீட்டில் கிடந்தோம்.
ஒருத்தரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

புரட்டாசியில் நல்லாண்டி மகளுக்குப்
பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன்.
"மார்கழிகிட்ட வாங்கு" என்றார்கள்.
நோட்டை மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
கல்நெஞ்சுக்காரி என்று பேர் வந்தது.
பிறகு என் காசில் மூவாயிரம் வைத்தேன்.
சடையன் முறைத்துக்கொண்டே இரண்டு வைத்தான்.
அப்படியே சேர்ந்தது.
பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.
நல்லாண்டி இன்னும் என்னிடம்
பாதிப் பேச்சுதான்.

நேற்று மார்கழி ஒன்று.
பனியில் நாகமலை காணாமல் போயிருந்தது.
தபாலாபீஸ் கவுன்டரில்,
"மொக்கத்தாய், மொத்தத்தையுமா எடுக்குறீங்க?"
"ஆமா சார். வேலையில்லாத மாசத்துக்கு
இன்னைக்குச் சம்பளம்."
ஆளுக்குப் பதினோராயிரத்து முந்நூறு.
பிரித்து வைக்கும்போது, பழக்கத்தில்
கை எட்டாவது இடத்துக்குப் போய்
சும்மா நின்றது.

மத்தியானம் பூமிநாதன்
நாயனத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.
ஜெயசீலன் புதுசாக ஓர் அடி சொன்னான்,
ஒரு கால் நொண்டுகிற மாதிரி.
சடையனுக்குப் பிடிபடவில்லை.
திரும்பச் சொன்னான். திரும்பவும் விட்டான்.
யாருக்கும் வண்டி பிடிக்கிற அவசரமில்லை.

அப்போதுதான் போன்.
தை பன்னிரண்டு, திருமங்கலம்.
தொகையைச் சொன்னேன்.
"ஒரு ரெண்டாயிரம் குறைச்சுக்கங்க."

உறுமிக்கு ஒரு பக்கம் அடி,
ஒரு பக்கம் இழுப்பு.
இரண்டுக்கும் நடுவே
குச்சி தோலில் படாமல் நிற்கும்
ஒரு நொடி உண்டு.

அதைப் போனில் வாசித்தேன்.